ஆறடி வாசல்: திருவல்லிக்கேணியில் ஒரு எஸ்.டி.டி. பூத்தின் முப்பது வருடக் கணக்கு

அந்தக் கடைக்காரரைப் பற்றிப் பேச்சு வந்தால் தெருவில் எல்லோரும் ஒன்றையேதான் சொல்வார்கள்: "காலத்துக்கு ஏத்த மாதிரி மாறிக்கிட்டே வந்த மனுஷன்." காசு கொடுத்து வெளியூருக்குப் பேசும் எஸ்.டி.டி. பூத் வைத்தார். அது படுத்ததும் ரீசார்ஜ், அப்புறம் ஜெராக்ஸ், அப்புறம் ஊருக்குப் பணம் அனுப்புவது, இப்போது இ-சேவை. நானும் பல வருடம் அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். 2022-ல் கடை இருநூறு அடி தள்ளி இடம் மாறியது. அதற்குப் பிறகு வருடக் கணக்கை முடிக்க உட்கார்ந்தபோதுதான், இத்தனை காலமும் தப்பான பத்தியைக் கூட்டிக்கொண்டிருந்திருக்கிறேன் என்று உறைத்தது.

எனக்கும் கடைக்கும் என்ன உறவு என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 1994-ல் வேலை தேடி சென்னைக்கு வந்து, கடைக்கு எதிரே இருந்த மேன்ஷனில், மூன்று பேர் ரூமில் ஒரு கட்டிலுக்கு வாடகை கொடுத்தவன் நான். பிறகு சின்னக் கடைகளுக்குக் கணக்கு எழுதுவதே என் தொழிலாயிற்று. 2001 முதல் இந்தக் கடையின் கணக்கும் என்னிடம்தான். அவர் எனக்கு அண்ணன், நான் அவருக்குத் தம்பி. ஆகவே இது நடுநிலையான ஆய்வு இல்லை. ஆனால் நோட்டுகள் இருக்கின்றன. நீள நோட்டில் நீல மையில் அன்றன்றைய வசூலைத் தொழில்வாரியாகப் பத்தி பிரித்து எழுதுவது அவர் பழக்கம். 1996 வரையிலான நோட்டுகளைக் கரையான் தின்றுவிட்டது. மற்றவை அப்படியே இருக்கின்றன. இங்கே நான் சொல்வதற்கெல்லாம் அவைதான் ஆதாரம்.

பூத் இருந்த காலம்

அண்ணன் வந்தவாசிப் பக்கத்துக்காரர். சின்ன வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து வலது கால் சூம்பிப் போனது. பொதுத் தொலைபேசி ஒதுக்குவதில் மாற்றுத்திறனாளிகளுக்கு முன்னுரிமை கொடுத்த காலம் அது. 'மாற்றுத்திறனாளி' என்ற சொல் அப்போது வரவில்லை, விண்ணப்பத்தில் 'ஊனமுற்றோர்' என்றுதான் இருக்கும். 1984-ல் தொடங்கிய சி-டாட் என்ற அரசு நிறுவனத்தின் தொலைபேசி எக்ஸ்சேஞ்சுகள் சின்ன ஊர்களுக்கெல்லாம் போய்ச் சேர்ந்துகொண்டிருந்தன. ஊரில் போன் இருந்தால்தானே பட்டணத்தில் பூத்துக்கு வேலை? 1993-ல் அவருக்கு லைன் கிடைத்தது.

கடை என்றால் ஆறடி அகலம், ஒன்பதடி ஆழம். ஒரு பழைய மெட்ராஸ் வீட்டின் திண்ணையை அடைத்து ஷட்டர் போட்ட இடம். தெருவும் கடைத் தரையும் ஒரே மட்டம். நடுவே ஒரு பலகையைப் போட்டுவிட்டால் மூன்று சக்கர சைக்கிளோடு கல்லா வரைக்கும் போய்விடுவார். அந்த இடத்தைப் பிடித்ததற்கு அது ஒன்றுதான் காரணம் என்று அவரே சொல்லியிருக்கிறார். எதிரே மேன்ஷன் இருப்பதை அவர் யோசிக்கவே இல்லையாம்.

உள்ளே கண்ணாடிக் கதவு போட்ட இரண்டு கூண்டுகள். தலைக்கு மேல் மீட்டரில் சிவப்பு எண்கள் ஓடிக்கொண்டிருக்கும். பேசுகிறவர் கண் அதிலேயே இருக்கும், வாய் மட்டும் அம்மாவோடு பேசும். பகலில் முழு ரேட். இருட்ட இருட்ட அரை, மூன்றில் ஒன்று, கடைசியில் கால் என்று இறங்கும். கால் ரேட் தொடங்கும் நேரத்துக்கு மேன்ஷனே கைலியோடு இறங்கி வந்துவிடும். வரிசை தெரு வரைக்கும் நிற்கும். பகல் முழுக்க ஆன வசூலைவிட அந்த ஒன்றரை மணி நேர வசூல் அதிகம் என்று 1998 நோட்டு சொல்கிறது.

அதில் ஒரு சூட்சுமம் உண்டு. எங்கள் வீடுகளில் போன் கிடையாது. பக்கத்து வீட்டுக்கோ, ஊர் மளிகைக் கடைக்கோதான் பேச வேண்டும். "அம்மாவைக் கொஞ்சம் கூப்பிடுங்க, பத்து நிமிஷத்துல திரும்பப் பண்றேன்" என்று சொல்லி வைத்துவிடுவோம். அந்தப் பத்து நிமிடம் எங்கே போவது? அண்ணன் ஒரு பெஞ்சு வாங்கிப் போட்டார். அப்புறம் பெஞ்சுக்குப் பக்கத்தில் கடலைமிட்டாய் பாட்டில் வந்தது. அடுத்து போஸ்ட் கார்டு, கவர், வேலைக்கான விண்ணப்பப் படிவங்கள், பேனா ரீஃபில். ஒவ்வொருவரும் இரண்டு தடவை பேசினோம், நடுவில் ஏதாவது வாங்கினோம். மேன்ஷன்காரர்களுக்கு ஊரிலிருந்து வரும் போனுக்கும் கடை நம்பர்தான். பையன் ஒருவன் மாடிக்கு ஓடிப்போய், "ரூம் இருபத்தேழு, போன்!" என்று கத்துவான். கூப்பிட்டு விட்டதற்கு ஒரு ரூபாய்.

நான் தப்பாகக் கூட்டிய பத்தி இதுதான். இதையெல்லாம் 'போன் வருமானம்' என்று ஒரே தலைப்பில் எழுதிவைத்தேன். அதில் பாதி வாசல் வருமானம்.

விழுந்தது எப்படி

மொபைல் வந்ததும் பூத் செத்தது என்று ஒரு வரியில் சொல்லிவிடுவார்கள். நோட்டில் அப்படி இல்லை. இந்தியாவில் முதல் மொபைல் அழைப்பு நடந்தது 1995 ஜூலை 31-ல். அதற்குப் பிறகுதான் எங்கள் பூத்துக்கு நல்ல காலமே. வரும் அழைப்புக்கும் காசு கட்ட வேண்டிய மொபைலை மேன்ஷனில் யார் வாங்குவார்கள்? 2000-க்குப் பிறகு நீண்ட தூர சேவையில் தனியார் வந்து கட்டணம் சரிந்தபோதும், கால் ரேட்டுக்காகக் காத்திருந்த கூட்டம் சாயங்காலத்திலேயே வர ஆரம்பித்ததே தவிரக் குறையவில்லை.

அடி விழுந்தது 2003-ல். மே 1 முதல் வரும் அழைப்பு இலவசம் என்றானது. அதற்கு நாலு மாதம் முன்புதான் ரிலையன்ஸ் மலிவு மொபைலோடு இறங்கியிருந்தது. அதே வருடம் ஐந்நூற்றியொரு ரூபாய் கட்டினால் போன் கையில் என்று ஒரு திட்டம். மேன்ஷனில் ரூமுக்கு ஒரு மொபைல் வந்தது. அதிலிருந்து ஊருக்கு ஒரு மிஸ்டு கால் போகும், அங்கிருந்து கூப்பிடுவார்கள். பூத்தின் ஆதாரமே 'இரண்டு தடவை பேசுவது'தான். அது ஒரேயடியாக நின்றுபோனது. அதோடு பத்து நிமிடக் காத்திருப்பும் போனது, பெஞ்சும் காலியானது. போன் வசூல் குறைந்த அதே மாதங்களில் கடலைமிட்டாய்ப் பத்தியும் குறைகிறது. 2006 மார்ச்சில் நாட்டின் எந்த மூலைக்கும் நிமிடத்துக்கு ஒரு ரூபாய் என்று பி.எஸ்.என்.எல். கொண்டுவந்தபோது, அந்தச் செய்தியைப் பேப்பரில் படித்துவிட்டு ஒரு கூண்டைக் கழற்றி எடைக்குப் போட்டார்.

இடையில் 2005-ல் ஒரு தோல்வி. அப்போது நாங்கள் அதைச் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை. அதே வீட்டின் ரேழி வழியாக இருபது அடி உள்ளே போனால் ஓர் அறை. அதையும் வாடகைக்கு எடுத்து, மூன்று கம்ப்யூட்டர் போட்டு பிரௌசிங் சென்டர் வைத்தார். பதினாலு மாதத்தில் மூடினார். நெட் வேகம் போதாது, வைரஸ், வருகிறவர்களின் பெயரை நோட்டில் எழுதி அடையாள அட்டை நகல் வாங்கவேண்டிய தொல்லை என்று ஆளாளுக்கு ஒரு காரணம் சொன்னோம். தெருமுனையில், ரோட்டைப் பார்த்து இருந்த இன்னொரு பிரௌசிங் சென்டருக்கும் அதே நெட், அதே வைரஸ், அதே நோட்டுதான். அது அதற்கப்புறமும் நாலைந்து வருடம் ஓடியது. இருபது அடி உள்ளே என்பதை நான் காரணமாக எழுதவே இல்லை.

ஜெராக்ஸும் சிம்மும்

கூண்டு இருந்த இடத்தில் கைமாறி வந்த பழைய ஜெராக்ஸ் மெஷின் ஒன்று வந்து உட்கார்ந்தது. இரண்டும் கிட்டத்தட்ட ஒரே அகலம். மீட்டர் மாட்டியிருந்த ஆணியில் ரேட் அட்டை தொங்கியது.

ரீசார்ஜில் கமிஷன் நூற்றுக்கு மூன்று ரூபாயைத் தாண்டியதில்லை. ஆனால் சிம் விற்பனை வேறு கணக்கு. சிம் ஒவ்வொன்றுக்கும் ஒரு படிவம், ஒரு போட்டோ, முகவரிச் சான்றின் நகல் ஒன்று. மேன்ஷன் பையனிடம் சென்னை முகவரிக்கு என்ன சான்று இருக்கும்? ஊர் ரேஷன் கார்டைத் தபாலில் வரவழைப்பான், நாலு நகல் எடுப்பான், ஒன்று லேமினேஷன் போடுவான். சிம்மில் கிடைத்ததைவிட சிம்முக்கான காகிதத்தில் அதிகம் கிடைத்தது. அடுத்து டி.என்.பி.எஸ்.சி. படிக்கிற கூட்டம். நோட்ஸ் நகல், ஸ்பைரல் பைண்டிங், விண்ணப்பம். குரூப் 4 அறிவிப்பு வந்தால் ரிம் ரிம்மாகப் பேப்பர் போகும். டோனர் தீர்ந்து ராத்திரி ரிச்சி தெருவுக்கு ஆள் ஓடிய கதைகள் உண்டு.

2012 வாக்கில் மேன்ஷனின் முகம் மாறியது. ஐ.டி. வேலைக்காரர்கள் ஓ.எம்.ஆர். பக்கமே தங்க ஆரம்பித்தார்கள். அவர்கள் இடத்துக்கு பீகார், அசாம், ஒடிசா பையன்கள் வந்தார்கள். மெஸ்களிலும் ஓட்டல் சமையல் கட்டுகளிலும் வேலை. அவர்களுக்கு ஊருக்குப் பணம் அனுப்ப வேண்டும். பேங்கில் கணக்கு இல்லை, இருந்தாலும் கவுன்ட்டரில் நிற்கப் பகலில் நேரம் இல்லை. அண்ணன் பணம் அனுப்பும் ஏஜென்சி ஒன்று எடுத்தார். ஆயிரத்துக்குப் பத்து ரூபாய். ராத்திரி பத்தரை மணிக்கு, மெஸ் கழுவி விட்டுவிட்டு, கையில் ஈரத்தோடு வந்து வரிசையில் நிற்பார்கள். பழைய கால் ரேட் வரிசை மாதிரியே, அதே இடத்தில், அதே நேரத்தில். இவர்களும் பணம் போய்ச் சேர்ந்ததா என்று ஊரில் கேட்டுச் சொல்லும் வரை நகர மாட்டார்கள். மறுபடி பத்து நிமிடக் காத்திருப்பு. மாடியில் கிடந்த பெஞ்சு இறங்கி வந்தது. அண்ணன் ஹிந்தியில் எண்களை மட்டும் கற்றுக்கொண்டார். மற்றதெல்லாம் தமிழ்தான். அவர்கள் தமிழ் அதைவிடச் சீக்கிரம் வளர்ந்தது.

2016 நவம்பரை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். 8-ஆம் தேதி ராத்திரி ஐந்நூறும் ஆயிரமும் செல்லாது என்ற அறிவிப்பு வந்தபோது கல்லாவில் இருந்ததெல்லாம் அவைதான். தொழில் முடிந்தது என்று நினைத்தார். இரண்டு நாள் கழித்து பேங்க் திறந்தது. பழைய நோட்டை மாற்றப் படிவம் வேண்டும், அடையாள அட்டை நகல் வேண்டும். காலை ஐந்து மணிக்கே ஷட்டரைத் தட்டினார்கள். அந்த மாத ஜெராக்ஸ் வசூலை அதற்கு முன்போ பின்போ எந்த மாதமும் தொட்டதில்லை. இரண்டு ரூபாய் நகலுக்குப் புது இரண்டாயிரம் ரூபாய்த் தாளை நீட்டினால் எதைக் கொடுப்பது? கடன் நோட்டு ஒன்று போட்டார். பெயர் தெரியாதவர்களைச் 'சிவப்புச் சட்டை', 'பார்த்தசாரதி கோவில் பூ அம்மா மகன்' என்று எழுதிவைத்தார். அதில் முக்கால்வாசி திரும்பி வந்தது. அதே வழியாகத் தினமும் நடந்துபோகிறவர்கள்தானே, கடை கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தால் இரண்டு ரூபாய்கூட உறுத்தும்.

பணம் அனுப்பும் தொழிலை யு.பி.ஐ. மெல்ல மெல்லக் கரைத்தது. பையன்கள் தாங்களே அனுப்பக் கற்றுக்கொண்டார்கள். கமிஷனை ஏஜென்சிக் கம்பெனியும் இரண்டு தடவை குறைத்தது. முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்லவில்லை, காலையில் மொபைலில் புது விகிதம் வந்து உட்கார்ந்திருக்கும். க்யூஆர் அட்டை ஒட்டிய பிறகு சில்லறைத் தொல்லை ஒழிந்தது. மேற்கொண்டு எனக்கும் வேலை குறைந்தது என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

அப்புறம் 2020. மார்ச் கடைசியில் ஊரடங்கு. மேன்ஷன் ஒரு வாரத்தில் காலியானது. அத்தனை ஜன்னலும் இருட்டாகி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. தளர்வு வந்ததும் மாவட்டம் தாண்ட இ-பாஸ் வேண்டும் என்றார்கள். சாவுக்குப் போக வேண்டியவர்கள், பிரசவத்துக்குப் போக வேண்டியவர்கள் எல்லாம் பாதி இறக்கிய ஷட்டருக்கு வெளியே நின்றார்கள். அந்த மாதங்களில்தான் அவருக்கு ஆன்லைன் படிவம் நிரப்புவது கைவந்தது. எந்தக் காரணம் எழுதினால் பாஸ் வரும், எந்தக் காகிதத்தை இணைத்தால் நிராகரிப்பார்கள் என்பது விரல் நுனிக்கு வந்துவிட்டது.

இருநூறு அடி

வீட்டுக்காரர் 2018-ல் காலமானார். வாடகையை ஒவ்வொரு தடவையும் வாயால் பேசித்தான் ஏற்றியிருந்தார்கள். ஒப்பந்தம் என்று ஒரு துண்டுக் காகிதம் இல்லை. 1960-ஆம் வருடத்து வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குப் பதிலாகப் புதிய வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரி 22-ல் அமலுக்கு வந்தது. எழுத்து ஒப்பந்தம் போட்டுப் பதிவு செய்ய வேண்டும் என்றது அது. நான் ஞாபகப்படுத்தினேன். "பெரியவர் இருந்தவரைக்கும் வாய்வார்த்தைதான் தம்பி, பசங்க கிட்டப் போயி இப்போ காகிதம் கேட்டா நல்லாயிருக்காது" என்றார். அது அவர் தப்பு, கடைசி வரை சொல்லி வாங்காதது என் தப்பு. காகிதம் இருந்திருந்தாலும் இடித்துக் கட்டப் போகிறோம் என்றால் காலி செய்யச் சொல்லப் பழைய சட்டத்திலும் வழி இருந்தது, புதியதிலும் இருக்கிறது. ஆனால் காகிதம் இருந்திருந்தால் பேசி அவகாசமாவது வாங்கியிருக்கலாம்.

வாரிசுகள் பில்டரோடு கையெழுத்துப் போட்டார்கள். மூன்று மாதத் தவணை. 1993-ல் கொடுத்த அட்வான்ஸ் அப்படியே திரும்பி வந்தது, வட்டி இல்லாமல். 2022 பிப்ரவரியில் கடை பக்கத்துச் சந்துக்கு மாறியது. இருநூறு அடி என்பது நான் காலால் அளந்து பார்த்தது. எண்பது தப்படி வைத்தேன்.

மொபைல் வந்தபோது அவருக்கு மூன்று வருட அவகாசம் இருந்தது. யு.பி.ஐ. வந்தபோதும் அப்படித்தான். ஒன்று தேயும்போது இன்னொன்றைப் பிடித்துக்கொள்ள நேரம் கிடைத்தது. இடத்துக்கு மட்டும்தான் தொண்ணூறு நாள்.

புதுக் கடை முன்னதைவிடப் பெரியது. வாடகையும் கொஞ்சம் குறைவு. அதே மெஷின், அதே கம்ப்யூட்டர், அதே ஆள். ஆனால் மூன்று படி. சைக்கிளைக் கீழே விட்டுவிட்டு ஊன்றுகோலோடு ஏற வேண்டும். காலையில் ஒரு தடவை ஏறினால் ராத்திரிதான் இறங்குகிறார். முன்பெல்லாம் வேலை இல்லாத நேரத்தில் பலகையில் உட்கார்ந்து போகிறவர் வருகிறவரிடம் நாலு வார்த்தை பேசுவார். இப்போது அது இல்லை.

2019-ஐயும் 2023-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஜெராக்ஸ் மூன்றில் ஒரு பங்காகிவிட்டது. லேமினேஷன், பேனா, கவர் மாதிரியான சில்லறை விற்பனை சுத்தமாக இல்லை. ரீசார்ஜ் போய்விட்டது, ஆனால் அது எங்கே இருந்தாலும் போயிருக்கும். எல்லோரும் போனிலேயே போட்டுக்கொள்கிறார்கள். படிவம் நிரப்புவது மட்டும் குறையவில்லை, கொஞ்சம் கூடியே இருக்கிறது.

இதற்கெல்லாம் இடம்தான் காரணமா, இல்லை கொரோனாவுக்குப் பிறகு தெருவே மாறிவிட்டதா? நியாயமான கேள்வி. மேன்ஷன் முழுசாக நிரம்பவில்லை என்பதும் உண்மை. காகிதத்துக்குப் பதில் எல்லாம் பி.டி.எஃப். ஆகிவிட்டது என்பதும் உண்மை. அதனால் தெருமுனையில் 2018-ல் வந்த இன்னொரு ஜெராக்ஸ் கடைக்காரரிடம் பேசினேன். அந்தக் கடைக்கும் நான்தான் கணக்கு எழுதுகிறேன் என்பதால் ஒளிக்க அவரிடம் ஒன்றும் இல்லை. அவருடைய ஜெராக்ஸ் 2019-ல் இருந்த அளவுக்குக் கிட்டத்தட்ட வந்துவிட்டது. அதே தெரு, அதே கொரோனா, அதே பி.டி.எஃப். வித்தியாசம் வாசல் மட்டும்தான். அண்ணனின் பழைய ஆட்களில் ஒரு பகுதி அங்கே போயிருக்கும் என்பதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அப்படிப் போனார்கள் என்றாலே, ஜெராக்ஸுக்காக யாரும் எண்பது தப்படி கூடுதலாக வைக்க மாட்டார்கள் என்றுதானே பொருள்?

ஆனால் படிவம் நிரப்ப அத்தனை தப்படியும் வைக்கிறார்கள். மூன்று படியும் ஏறுகிறார்கள். 'அனைவருக்கும் இ-சேவை' திட்டம் வந்ததும் அண்ணன் பதிவு செய்துகொண்டார். வருமானச் சான்று, சாதிச் சான்று, வாரிசுச் சான்று. 2023 செப்டம்பர் 15-ல் மகளிர் உரிமைத் தொகை தொடங்கியது. மாதம் ஆயிரம் ரூபாய். கிடைக்காத பெண்கள் ஏன் கிடைக்கவில்லை என்று பார்க்க, மேல்முறையீடு போட, சந்துக்குள் தேடி வந்தார்கள். ஒரு மத்தியானம் நான் அங்கே இருந்தேன். மீன் மார்க்கெட்டில் வேலை செய்யும் ஓர் அம்மா. ஆதாரில் ஒரு பெயர், பேங்கில் ஒரு பெயர், ரேஷன் ஸ்மார்ட் கார்டில் இன்னொன்று. அண்ணன் மூன்றையும் வரிசையாக மேஜையில் வைத்தார். பேனா மூடியால் ஒவ்வொரு எழுத்தாகத் தொட்டுக்கொண்டே போனார். "இங்க பாருங்கம்மா, ஒண்ணுல உங்க வீட்டுக்காரர் பேரு முன்னாடி, ஒண்ணுல பின்னாடி. முதல்ல பேங்க்ல மாத்தணும், அப்புறம்தான் இது." அந்த அம்மா புரிந்ததா இல்லையா என்று தெரியாமல் தலையாட்டினார். அண்ணன் ஒரு சீட்டில் எழுதினார்: எந்த பேங்க், எந்த கவுன்ட்டர், என்ன கேட்க வேண்டும். அதைக் கொடுக்கக் காசு வாங்கவில்லை. மறுவாரம் அந்த அம்மா நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

நோட்டில் படிவம் நிரப்பும் இந்தப் பத்தி ஒன்றுதான் அவருடையது. மற்ற எல்லாப் பத்தியும் வாசலுடையது. முப்பது வருடக் கணக்கில் இரண்டையும் ஒரே கூட்டலில் போட்டு 'திறமை' என்று தலைப்பு கொடுத்துவிட்டேன். அவருக்குத் திறமை இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்தத் திறமை தெரியவேண்டும் என்றால் முதலில் ஓர் ஆள் நிற்க வேண்டும். நிற்க வைத்தது ஆறடி அகலமும் ஒரு பெஞ்சும். இப்போது புதிதாக யாரும் தற்செயலாக உள்ளே வருவதில்லை. தெரிந்தவர்களும், தெரிந்தவர்கள் கூட்டி வருகிறவர்களும்தான். அண்ணனுக்கு அறுபத்திரண்டு வயது. வருகிறவர்களுக்கும் ஏறக்குறைய அதே வயதுதான். என்னைத் தூங்கவிடாத கணக்கு இது.

ஒரு விஷயத்தை இடைச்செருகலாகச் சொல்லத் தோன்றுகிறது. சாமான்களைச் சேர்ந்து வாங்கினால் மலிவு என்று 1904-லேயே டி.யூ.சி.எஸ். கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கிக் காட்டிய பேட்டை இது. பண்டசாலைக்குக் கூட்டுறவு கண்ட ஊரில், வாசலுக்குக் கூட்டுறவு என்று யாருக்கும் தோன்றவில்லை. எங்கள் தெருவில் இருபத்து மூன்று கடைகள் எண்ணினேன். எழுத்து ஒப்பந்தம் இருப்பதாகச் சொன்னவர்கள் நாலு பேர். மற்றவர்களிடம் நான் இப்போது வாடகைச் சீட்டைக் கேட்டு நச்சரித்துக்கொண்டிருக்கிறேன். கணக்கு எழுதுகிறவன் வேலை இல்லை அது. பரவாயில்லை.

திண்ணை இருந்த இடம்

புது அபார்ட்மென்ட் போன வருடம் முடிந்தது. நாலு மாடி. கடை வைக்க அங்கே ஒரு இடம் கேட்கலாம் என்று அண்ணன் மனதில் கடைசி வரை ஓர் எண்ணம் இருந்தது. கட்டி முடித்துப் பார்த்தால் தரைத்தளம் முழுக்கத் தூண்கள், நடுவே கார் நிறுத்தம். இப்போது பழைய வீடு இடிகிற இடமெல்லாம் இப்படித்தான். வீடுகளுக்கு ஏற்ப வண்டி நிறுத்த இடம் காட்ட வேண்டும், அதற்குக் கிடைப்பது தரைத்தளம். பில்டர் மேல் குறை சொல்ல முடியாது. ஆனால் திண்ணையும் திண்ணைக் கடையும் இருந்த நீளத்துக்கு இப்போது ஒரு இரும்பு கேட். தெருவில் இதுவரை ஐந்து வீடு இப்படி ஆகியிருக்கிறது. ஏழு கடை போயிருக்கிறது. அந்த ஏழில் தெருவிலேயே திரும்ப இடம் பிடித்தது ஒன்றுகூட இல்லை. போன கடைகளில் ஒரு தையல்காரர், ஒரு வாட்ச் ரிப்பேர், ஒரு இஸ்திரி. மாடிகளில் குடிவந்தவர்கள் இஸ்திரிக்கு ஆப்பில் ஆள் கூப்பிடுகிறார்கள்.

சரியாகக் கல்லா இருந்த இடத்தில் வாட்ச்மேன் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். அசாம்காரர். பழைய மேன்ஷன் பையன்தான், இதே இடத்தில் நின்று அண்ணனிடம் ஊருக்குப் பணம் கட்டியவர். கேட்டில் சின்னதாக ஓர் அம்புக்குறி போர்டு மாட்டிக்கொள்ளலாமா என்று அண்ணன் அபார்ட்மென்ட் சங்கத்தில் கேட்டார். கூட்டத்தில் வைத்துச் சொல்கிறோம் என்றார்கள். எட்டு மாதமாகிறது.

போன செவ்வாய்க்கிழமை நான் அங்கே நின்றிருந்தபோது ஹால் டிக்கெட்டுக்கு நகல் எடுக்க ஒரு பெண் அவசரமாக வந்தாள். பழைய ஞாபகத்தில் கேட் முன்னால் வந்து நின்றுவிட்டு, சுற்றும் முற்றும் பார்த்தாள். வாட்ச்மேன் நாற்காலியை விட்டு எழாமலே கையை நீட்டினார்.

"ஜெராக்ஸா? உள்ள போ. மூணு படி. அண்ணா இருக்காரு."

அவள் சந்தை எட்டிப் பார்த்தாள், கையில் இருந்த மொபைலில் மணி பார்த்தாள், தெருமுனைக் கடையைப் பார்த்து நடந்தாள்.